உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 9, திங்கள்

என் அறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. பழைய வீடு. மழைக்குக் கதவு உப்பிக்கொள்கிறது, இழுத்துச் சாத்தும்போது ஏதாவது போகத்தான் செய்யும். தாழ்ப்பாள் நுழைகிற பட்டை நிலையிலிருந்து பிய்ந்து, கூடவே சிமெண்ட்டும் பெயர்ந்து தரையில் கிடந்தது. கூட்டி அள்ளினேன்.

தபால் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுத் தச்சரை வரவழைத்தேன். நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"மர நெலையா இருந்தா ரெண்டு ஸ்க்ரூவ முடுக்கிட்டுப் போயிருவனுங்க. இது சிமெண்ட்டு. டிரில் போட்டு, பிளக் வெச்சுத்தான் மாட்டோணும்."

நான் வாங்கி வைத்திருந்த புதுத் தாழ்ப்பாளைக் கையில் எடுத்துத் திருப்பினார். "ஏனுங்க, இது வாசக்கதவுக்குப் போடற சைஸாச்சே. உள்ரூமுக்கு எதுக்குங்க இது?"

கதவின் கீழ்ப்பலகையில் ஒரு விரிசல் இருக்கிறது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாளைக்கு மெஷினோடு வருவதாகச் சொன்னார். வேண்டாம், நானே சொல்லி அனுப்புகிறேன் என்றேன். இந்தக் காலனியில் அவர் வேலை செய்யாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் டீ கொடுப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்.

இடது முழங்கை நீலமாக இருக்கிறது. வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போது இடித்துவிட்டது என்று ஆபீஸில் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

மகன் யுகன் நேற்று வீட்டுக்கு வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

நானே ஒரு டிரில் மெஷின் வாங்கி, நானே போட்டுக்கொள்வது என்று முடிவு. என்ன பெரிய வித்தை. பெண்கள் கார் ஓட்டுகிறார்கள்.

யுகனின் அப்பா இருந்தபோது வீட்டில் ஒன்று இருந்தது. பரணில் ஏறித் தேடினேன். பெட்டி இருக்கிறது, மெஷின் இல்லை. யுகனைக் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

ஆபீஸ் முடிந்து டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையான ஆள். மூன்று மெஷின்களை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"என்ன வேலைக்குங்க்கா?"

"வீட்டுக்குத்தான். சாமி படம் மாட்டோணும். அப்புறம் ஒரு ஷெல்ஃபு."

"செவுரு செங்கல்லுங்களா, காங்கிரீட்டுங்களா?"

"காங்கிரீட்."

"அப்ப இது ஆவாதுங்க" என்று முதல் மெஷினை ஒதுக்கிவிட்டார். பேட்டரியில் ஓடுவது. பொம்மைத் துப்பாக்கி மாதிரி அழகாக இருந்தது. மரத்துக்கும் தகரத்துக்கும் போதுமாம். சிமெண்ட்டில் வைத்தால் சுற்றிக்கொண்டே நிற்குமே தவிர உள்ளே போகாதாம். இரண்டாவது, கட்டட வேலைக்காரர்கள் வைத்திருப்பது. தூக்கிப் பார்த்தேன், கிரைண்டர் கல் கனம் கனத்தது. மூன்றாவது நடுத்தரம். ஒயர் உள்ளது. மேலே ஒரு பட்டனை இப்படித் தள்ளினால் வெறுமனே சுற்றும், அப்படித் தள்ளினால் சுற்றிக்கொண்டே குத்தவும் செய்யும். அந்தக் குத்துக்குத்தான் ஹேமர் என்று பேர். காங்கிரீட்டுக்கு அது இல்லாமல் முடியாது.

"சத்தம் கம்மியா எது வரும்?"

சிரித்துவிட்டார். "டிரில்லுல சத்தம் வராம எப்படிங்க்கா? பக்கத்து வீட்டுல கொழந்தை கிழந்தை தூங்குதுங்களா?"

"ஆமா. இதுல கனம் கம்மி எது?"

"கை வலிக்கும்னு பாக்கறீங்களா? இந்த மூணாவதே எடுத்துக்குங்க, பெரிய கனம் இல்லீங்க."

கைக்காகக் கேட்கவில்லை. வீட்டுக்குள் வரும் பொருள் எதுவானாலும் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி இப்போது எதிர்வீட்டு ஷாகிதாவிடம் இருக்கிறது. குழவிக் கல்லைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். காய் நறுக்கும் கத்தி அரிசி டிரம்முக்குள். இதையெல்லாம் செய்துவிட்டு, இரும்பில் ஒரு மெஷினை நானே தூக்கிக்கொண்டு வருவதா?

யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த நோட்டீஸை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

யுகன் காலையிலேயே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தான். "நீ உக்காரும்மா, நான் உப்புமா கிண்டறேன்" என்றான். இப்படி ஒரு நாள் வந்தால் வீடே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ரேடியோ போட்டான். தாளிக்கும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

"கத்தி எங்கம்மா?"

"கைப்பிடி உடைஞ்சுது. தூக்கிப் போட்டுட்டேன்."

கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சின்ன வெங்காயத்தை உரித்து முழுசு முழுசாகவே எண்ணெயில் போட்டான். 

எவ்வளவு கெட்டிக்கார ஃபிட்டர் அவன். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசரே அவனைத்தான் தேடி வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு சரிந்து முதுகில் விழுந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. அதற்குப் பிறகு எந்த மாத்திரை, யாரிடம், எந்தச் சந்தில் என்று எனக்குத் தெரியாது. சில சமயம் அதோடு குடியும்.

நோட்டீஸ் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தான்.

"டிரில்லா? எதுக்கும்மா?"

"சாமி படம் மாட்ட."

"என்கிட்டச் சொன்னா மாட்டித் தர மாட்டனா?" என்றான். நான் உப்புமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வாங்கினா ஹேமர் இருக்கறதா பாத்து வாங்கு" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

உடுமலையிலிருந்து தம்பி தனபால் போன் செய்தான்.

"அக்கா, அந்த மறுவாழ்வு சென்டர்ல மறுபடியும் பேசிட்டேன். நல்லாப் பாத்துக்கறாங்க. நீ ஒரு கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அவனுக்கு என்ன, முதுகு வலிதான. ஞாயித்துக்கெழமை உப்புமா செஞ்சு குடுத்தான்."

"போன மாசம் உன்ற உதடு எப்படிக்கா கிழிஞ்சுது?"

"தண்ணிக் கொடம் வழுக்கி இடிச்சுதுன்னு சொன்னனேடா."

"சொன்ன" என்றான்.  குக்கர் கத்துகிறது என்று வைத்துவிட்டேன். குக்கர் வைக்கவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

கரண்ட் பில் கட்டினேன். கண்ணாடி டம்ளர்களைக் கட்டிப் பரணில் போட்டேன். எவர்சில்வரே போதும், விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

இஸ்திரிப் பெட்டியை வாங்கி இரண்டு சேலை தேய்த்துக்கொண்டு திரும்பக் கொடுக்கப் போனேன். ஷாகிதாவிடம் டிரில் மெஷினில் எது நல்லது என்று வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

"எங்க வீட்டுலயே இருக்குக்கா. நாளைக்கு அவரையே வந்து போட்டுத் தரச் சொல்றேன். எங்க போடணும்?"

"இல்லம்மா, பரவால்ல. அவரு எதுக்குச் சிரமப்பட்டுக்கிட்டு."

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குதுக்கா."

"டிவி. அவன் சத்தமா வெச்சுக்கறான்."

"சரிக்கா. எங்க பின்கதவ நாங்க பூட்டறதில்ல. எந்நேரம்னாலும் சும்மா தள்ளுனாத் தொறந்துக்கும். இத உங்க காதுல போட்டு வெச்சேன், அவ்வளவுதான்."

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 23, திங்கள்

நாற்காலியைச் சாய்த்து வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். நாற்காலி போதாது.

ஜூன் 24, செவ்வாய்

லீவு. கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். மூன்றாவது மெஷினையே எடுத்தேன். கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க்கா" என்று கடைக்கு வெளியே ஒரு சிமெண்ட் கல்லைக் காட்டினார். எங்கே துளை வேண்டுமோ அங்கே முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுனியில் மாட்டுகிற பிட் வழுக்கும். முதலில் மெதுவாக, குழி விழுந்த பிறகு ஹேமர். இரண்டு கையாலும் பிடித்து நேராக அழுத்த வேண்டும். பட்டனை அழுத்தியதும் தோள் வரைக்கும் அதிர்ந்தது. பயத்தில் விட்டுவிட்டேன். மறுபடியும் பிடித்தேன். தூள் கொட்டியது, பிட் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தால் வட்டமாக, சுத்தமாக ஒரு துளை.

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவன் வெளியே போகிற நாள் பார்த்துப் போட வேண்டும்.

ஜூன் 28, சனி

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

யுகன் காலையில் போனவன் பொழுது சாயாமல் வரமாட்டான் என்று நினைத்தேன். ஆபீஸுக்குப் போகவில்லை. கதவில் தாழ்ப்பாளை மாட்டுவது சுலபமாக முடிந்தது, அது மரம். நிலைதான் மக்கர் செய்தது. ஆணியால் புள்ளி வைத்தேன், இருந்தும் பிட் வழுக்கியது. ஒரு துளை கோணலாக இறங்கியது. இன்னொன்று விரலில் கால்வாசி ஆழம்கூடப் போகவில்லை, கீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. அழுத்தினேன். புகை நாற்றம் வந்தது. தலை, முகம், சேலை எல்லாம் சிமெண்ட் தூள்.

மெஷின் சத்தத்தில் வாசல் கதவு திறந்தது காதில் விழவில்லை. திரும்பினால் யுகன் நிற்கிறான்.

மெஷினைப் பார்த்தான். கதவில் மாட்டியிருந்த பெரிய தாழ்ப்பாளைப் பார்த்தான். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான். நான் பின்னால் நகர்ந்து கட்டிலில் இடித்துக்கொண்டேன். கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. கண் தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஹேமர்ல போடாமயே ஓட்டிருக்க" என்றான். பட்டனைத் தள்ளிக் காட்டினான். பிட்டின் நுனியை விரலால் தடவினான். "இங்க உள்ள கம்பி ஓடுது. அதுல போய் முட்டியிருக்குது. அரை இஞ்சு தள்ளிப் போடோணும்."

சேலைத் தலைப்பால் முகத்துத் தூளைத் துடைத்துக்கொண்டேன்.

"சாமி படம் இல்லியா?"

"இல்ல."

தரையில் கிடந்த ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தான். "இது பத்தாதும்மா. ரெண்டு ஒதைக்குப் பிடுங்கிட்டு வந்துரும்" என்றான். யாருடைய உதை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மெஷினை இங்கேயே வைத்துவிட்டுத்தான் போனான். இனி வரமாட்டான் என்று நினைத்து, தூளைக் கூட்ட ஆரம்பித்தேன். வந்தான். கையில் ஒரு பொட்டலம். விரல் தடிமனுக்கு இரும்பு ஆங்கர் போல்ட்டுகள்.

பழைய யுகன் வேலை செய்வதைப் பார்த்தேன். காதில் பென்சில். அளந்தான், குறித்தான், ஒரே அழுத்தில் துளை போட்டான். வாயால் ஊதித் தூளை எடுத்தான். போல்ட்டைத் தட்டி இறக்கி ஸ்பேனரால் முடுக்கினான். கை கொஞ்சம் நடுங்கியது. நடுங்கும்போது நிறுத்தி, சித்த நேரம் தொடையில் வைத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தான். நான் டார்ச் பிடித்தேன்.

முடிந்ததும் எழுந்து அறைக்கு வெளியே போனான். "உள்ள இருந்து போடு. நான் தள்ளிப் பாக்கறேன்."

போட்டேன். தோளால் மோதினான். கதவு அதிர்ந்தது. இன்னொரு தடவை, இன்னும் பலமாக. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். தாழ்ப்பாள் அசையவில்லை.

வெளியே மூச்சு வாங்கும் சத்தம். பிறகு கதவுக்கு வெகு பக்கத்திலிருந்து அவன் குரல்.

"அம்மா. நான் இங்கிருந்து என்ன சொன்னாலும் தொறக்காத."

"ம்."

"அழுவேன். அப்பவும் தொறக்காத. அப்பத்தான் தொறக்கவே கூடாது."

"சரி சாமி."

"இப்பத் தொற, டீ போட்டுக் குடு" என்றான்.

ஜூலை 1, செவ்வாய்

வெளியே போகவில்லை. உடம்பெல்லாம் வலி என்கிறான். கம்பளி போட்டு மூடினேன், தூக்கி எறிந்தான். ரசம் சாதம் கொடுத்தேன், வாந்தி. தானாகவே விட்டுவிடுகிறேன் என்கிறான். தனபாலிடம் சொல்லட்டுமா என்றேன். "மாமாகிட்ட வேண்டாம், என்னால முடியும்" என்றான். முடியும் என்றுதான் எனக்கும் படுகிறது.

ஜூலை 4, வெள்ளி

நேற்று சாயங்காலம் வெளியே போனான். இன்னும் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். ஷாகிதா வீட்டில் இருக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் யுகன் வந்தான். செருப்பை விடும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். முதலில் பீரோ சாவி கேட்டான். பிறகு கெட்ட வார்த்தை. பிறகு உதைத்தான். கதவின் கீழ்ப்பலகை கிழிந்தது. தனபாலுக்குப் போன் செய்தேன், கிளம்பிவிட்டேன் என்றான்.

அப்புறம் அழுதான். நான் திறக்கவில்லை. சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். திறக்கவில்லை. வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டேன்.

"நெஞ்சு வலிக்குதும்மா" என்றான்.

அவனுடைய அப்பா நான்கு வருஷத்துக்கு முன் அதே கூடத்தில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் சாய்ந்தார். அஜீரணம் என்று சொல்லி நான் சோடா வாங்கப் போனேன்.

தாழ்ப்பாள் தாங்கியது. அவன் போட்ட ஆங்கர் ஒன்றுகூட அசையவில்லை. திறந்தது நான்.

ஷாகிதாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நர்ஸ் கேட்டாள்: "எப்படிம்மா ஆச்சு? விழுந்துட்டீங்களா?" ஷாகிதா என் பக்கத்தில் நின்றாள். வண்டி ஸ்டாண்டு என்று சொல்ல வாய் திறந்தேன். 

"என்ற மகன் அடிச்சான்" என்றேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். இது முதல் தடவை இல்லை என்பதையும் சொன்னேன்.

தனபால் வந்தபோது யுகன் கூடத்திலேயே சுருண்டு படுத்திருந்தானாம். கூப்பிட்டதும் எழுந்து வண்டியில் ஏறிவிட்டானாம். கையெழுத்துக்கு என்னிடம் வந்தார்கள். இடது கைப் பெருவிரலை உருட்டினேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றுதான் பார்க்க விட்டார்கள். உடுமலை தாண்டித் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது சென்டர். தனபால் வெளியே காரில் இருந்துகொண்டான்.

யுகனுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தான். கொண்டுபோன முறுக்கை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். பரவாயில்லை என்றான். சாப்பாடு எப்படி என்றேன். உப்பு கம்மி என்றான். இரண்டு தடவை ஓடப் பார்த்ததாகவும், கேட்டிலேயே பிடித்துவிட்டார்கள் என்றும் அவனாகச் சொன்னான். இன்னும் எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை.  தேறும் என்றும் டாக்டர் சொல்லவில்லை, தேறாது என்றும் சொல்லவில்லை.

அவன் கண் என் மாவுக்கட்டை விட்டு நகரவில்லை.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"தொறக்காதன்னு சொன்னனேம்மா."

"சொன்ன."

"அப்புறம் ஏன் தொறந்த?"

"நெஞ்சு வலிக்குதுன்னியே."

தலையைக் குனிந்துகொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அது பொய்யும்மா."

"தெரியும்" என்றேன். "அப்பவே தெரியும்டா."